கிளேடாங் மலையும் கிந்தாப் பள்ளத்தாக்குத் தமிழரும்

ஈப்போ நகருக்கு மேற்கே, மெங்லெம்புவைக் கடந்ததும் சமநிலம் முடிந்து மலை எழுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 808 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலை அது. கிந்தாப் பள்ளத்தாக்கையும் பேராக் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பிரித்து வடக்குத் தெற்காகக் கிடக்கும் தொடரின் ஒரு முகடு. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. சரிவெங்கும் காப்புக்காடு. விடியற்காலையில் நகரத்து முதியவர்கள், பெரும்பாலும் சீனர்கள், கைத்தடியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகின்றனர்.

மலேசிய இந்தியர் வரலாறு பயிலும் நம் மாணவர் 18 பேருடன் இம்மலைக்குச் சென்றிருந்தோம். தோட்டங்களையும் கோயில்களையும் பார்ப்பதற்கெனத் திட்டமிடப்பட்ட கல்விப் பயணத்தில், மலையேற்றம் முதலில் ஓய்வுக்காகவே சேர்க்கப்பட்டது. அடிவாரத்தில் ஒரு மாணவர், "ஐயா, இந்த மலைக்கும் நாம் படிக்கிற பாடத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். அப்போது நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குச் சற்றுத் தாமதமாக எழுதப்படும் விடையாகும்.

பெயர்களில் உள்ள மரங்கள்

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலில் நஞ்சுண்டு. பழங்குடி மக்களான ஓராங் அஸ்லியினர் அந்நஞ்சை ஊதுகுழல் அம்புகளின் நுனியில் தடவி வேட்டையாடினர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இம்மரம் வளர்கிறது. அங்குள்ளோர் அதன் பட்டையை உரித்து அடித்துச் சாக்குகளும் உடுப்பும் செய்தனர். கிளேடாங் என்பதும் மரப்பெயரே. பலாவின் நெருங்கிய உறவான காட்டு மரம் அது. தாவரவியலார் இவ்விரண்டையும் ஆல், அத்தி, பலா ஆகியன அடங்கிய ஒரே குடும்பத்தில் வைப்பர். பட்டையைக் கீறினால் இரண்டிலும் பால் வடியும்.

தமிழ்த் தொழிலாளர் ரப்பர் மரத்திற்கு இட்ட பெயர் 'பால்மரம்'. அது இந்நாட்டு மரமன்று, பிரேசிலிலிருந்து வந்தது. குடும்பமும் வேறு, ஆமணக்கும் மரவள்ளியும் அதன் உறவினர். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில அதே ஆண்டில் கோலகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராயிருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. கோலகங்சார் இம்மலைத்தொடருக்கு அப்பால், வடமேற்கே இருக்கிறது. ஆக, ரப்பர் மலைக்கு அந்தப் பக்கத்தில் வேரூன்றிய காலத்தில், இந்தப் பக்கத்தில் நிலத்தைத் தோண்டி ஈயம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

மலையின் கிழக்கு அடிவாரத்தில் பாப்பான் என்னும் சிற்றூர் உண்டு. மலாய் மொழியில் பாப்பான் என்றால் பலகை. மலையிலிருந்து வெட்டிய மரத்தை அறுத்துப் பலகையாக்கிய இடமாதலால் அப்பெயர் பெற்றது என்பர். மண்டைலிங் இனத் தலைவரான ராஜா பிலா அங்கு ஈயச் சுரங்கங்களை நடத்தினார். அவர் 1896இல் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. ஊர்ப்பெயர் மூன்றும் மரத்தைச் சுட்டியே நிற்பதிலிருந்து, ஈயம் புகழ்பெறுமுன் இப்பகுதியை மக்கள் எவ்வாறு அறிந்திருந்தனர் என்பது ஒருவாறு புலனாகும்.

விறகு

கிந்தாவின் ஈய வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. 1880களில் தொடங்கிய குடியேற்றம் சிறிது காலத்திலேயே இப்பள்ளத்தாக்கை உலகின் தலையாய ஈய வயல்களுள் ஒன்றாக்கியது. ஆனால் ஈயத்தை உருக்கத் தேவைப்பட்ட மரத்தைப் பற்றி நம் நூல்கள் அதிகம் பேசுவதில்லை. சீனரின் பழைய உலைகளுள் ஒருவகை, வன்மரக் கரியையே தின்று எரிந்தது; நல்ல மரங்களை அவ்வுலைகள் விழுங்கிவிடும் என அஞ்சிய பேராக் அரசு அவ்வகையைத் தடைசெய்ய நேர்ந்தது. பின்னர் வந்த நீராவி இறைபொறிகளும் விறகையே நம்பின. 1915இல் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டத் தொடங்கியதும், 1920களின் இறுதியில் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டெரோ அணை கட்டப்பட்டு மின்சாரம் வந்ததுமே அந்நெருக்கடி தணிந்தது. அதுவரை சுரங்கத்திற்கு அருகிலிருந்த ஒவ்வொரு குன்றும் ஒரு விறகுக் கிடங்காகவே கருதப்பட்டது.

காடு காக்கப்பட்டதற்கான காரணங்களையும் இங்குத்தான் தேட வேண்டும். 1901இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் பொதுவான காட்டிலாகா அமைந்தது. அதன் முதல் தலைமை அதிகாரி பர்ன் மர்டாக், பர்மாவின் காட்டுத்துறையில் பயிற்சி பெற்றவர். காப்புக்காடு என்னும் கருத்தே அவ்வழி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இங்கு வந்ததுதான். எதிர்காலத்திற்கு மரமும் விறகும் கிடைக்க வேண்டும். மலைச்சரிவின் மண் ஆற்றில் சேர்ந்து அடைத்துவிடக் கூடாது. ஊருக்குத் தண்ணீர் வற்றக் கூடாது. இவையே அன்றைய நோக்கங்கள். இயற்கையின் அழகைக் காக்கும் எண்ணம் அவ்வதிகாரிகளுக்கு இருந்ததாகக் கொள்வதற்கு நாம் படித்த அறிக்கைகள் இடந்தரவில்லை. கிளேடாங் மலையில் ஏறுவோர் இன்று 'கைபடாத காடு' என்று வியக்கின்றனர். கைபட்ட காடே அது. எவ்வளவு கைபடலாம் என்று கணக்கிட்டு நிறுத்தப்பட்டதால் எஞ்சியது.

காட்டை அழித்தவர் யார்?

இவ்விடத்தில் நம்மவரிடையே வழங்கும் ஒரு கூற்றைச் சற்று ஆராய வேண்டியுள்ளது. "காடாய்க் கிடந்த மலாயாவைத் தமிழன் வெட்டித் திருத்தினான்" என்பது மேடைகளில் நாம் அடிக்கடி கேட்பது. நினைவு மலர்கள் பலவற்றிலும் காண்பது. அதில் உரிமை கோரும் உணர்வு இருக்கிறது, அவ்வுணர்வு நியாயமானது. எனினும் வரலாறாக அது முழுதும் சரியன்று. ரப்பர்த் தோட்டங்களுக்காகப் பெருங்காட்டை வீழ்த்தும் வேலை பெரும்பாலும் மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் ஆகியோரின் ஒப்பந்தக் குழுக்களிடமே விடப்பட்டது. சில இடங்களில் ஓராங் அஸ்லியினரும் அவ்வேலையில் ஈடுபட்டனர். தமிழ்த் தொழிலாளர் அதன்பின் வந்தனர். வடிகால் வெட்டுதல், குழி தோண்டிக் கன்று நடுதல், களையெடுத்தல், ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பால்மரம் சீவுதல் ஆகியனவே அவர்கள் பணி. தோட்டத்திற்கு வெளியே சாலையும் இருப்புப்பாதையும் அவர்கள் உழைப்பில் அமைந்தன. 1885இல் திறக்கப்பட்ட தைப்பிங், போர்ட் வெல்ட் இருப்புப்பாதையை அமைக்கவே இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது.

இவ்வாறு கூறுவதால் தமிழரின் பங்கு குறைவதாக நாம் கருதவில்லை. உள்ளதைச் சொன்னால் அது இன்னும் கனமாகிறது. எடுத்துக்காட்டாகக் களையெடுப்பைக் கூறலாம். தொடக்ககாலத் துரைமார் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருக்கக்கூடாது என விரும்பினர். அதற்காகத் தமிழ்ப் பெண்களும் சிறுவரும் மாதந்தோறும் நிலத்தைச் செதுக்கினர். மூடாக்கு இல்லாத சரிவிலிருந்து மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. சுரங்கக் கழிவோடு அம்மண்ணும் ஆறுகளில் சேர்ந்தது. படுகை உயர்ந்த ஆறுகள் கரைபுரண்டன; 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பேராக் நெடுங்காலம் மறக்கவில்லை. பின்னரே அவரைக் குடும்பக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் வழக்கம் பரவியது. எனவே தோட்டத்தில் தமிழ்ப் பெண் செய்த வேலையையும், காப்புக்காட்டின் எல்லை மலைச்சரிவில் எங்கே வரையப்பட்டது என்பதையும் இணைத்தே படிக்க வேண்டும். அரிக்கப்பட்ட சரிவுகள் கண்முன் இருந்ததாலேயே, எஞ்சிய சரிவுகளை விட்டுவைக்க வேண்டும் என்ற வாதம் வலுப்பெற்றது.

முனைவர் பட்ட ஆய்வின்போது இலண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் மலாயா ஆண்டறிக்கைகளைப் பல மாதங்கள் புரட்டியிருக்கிறோம். தொழிலாளர் துறை அறிக்கையில் தமிழர் உண்டு. வந்தவர் இத்தனை, திரும்பியவர் இத்தனை, இறந்தவர் ஆயிரத்துக்கு இத்தனை என்று எண்ணாக உண்டு. காட்டிலாகா அறிக்கையில் மரங்கள் பெயரோடு உண்டு. செங்கால், மெராந்தி, மெர்பாவ் என வகைப்படுத்தி எழுதியிருப்பர். மரத்துக்குப் பெயரும் மனிதருக்கு எண்ணும் இருப்பதைக் கண்டு அக்காலத்தில் சினம் கொண்டோம். இப்போது அவ்விரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் முறையையே மாணவருக்குக் கற்பிக்கிறோம்.

தோட்டத்து மக்கள் தங்கள் பெயரைப் பதித்துச் சென்ற இடங்கள் சிலவும் உண்டு. பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915 அளவில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகையைச் சுற்றுலாப் பயணிகள் அறிவர். அங்கு வேலை செய்த தமிழர் பலரை நச்சுக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, அவர் கட்டிக்கொடுத்தார். அக்கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடையில் ஒரு துரையும் நிற்கிறார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை பாழானது. கோயிலில் வழிபாடு நின்றுவிடவில்லை. பெருந்தொகையான மக்கள் மாளிகையைப் பார்த்துவிட்டுக் கோயிலைப் பாராமல் திரும்புவது நமக்கு எப்போதும் வருத்தம் தருவது.

பாப்பானின் மருந்தகம்

1941 டிசம்பரில் ஈப்போ மீது ஜப்பானியர் குண்டு வீசியபோது சிபில் கார்த்திகேசு என்னும் செவிலியர் நகரைவிட்டுப் பாப்பானுக்கு வந்தார். அவர் கணவர் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு, இலங்கைத் தமிழ் மரபினர். பாப்பானின் பெருஞ்சாலையில் 74ஆம் எண் வீட்டில் சிபில் நடத்திய மருந்தகத்திற்குப் பகலில் ஊர்மக்கள் வந்தனர். இரவில் மலைக்காட்டிலிருந்து இறங்கிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பின்வாசல் வழி வந்து காயங்களுக்கு மருந்திட்டுக்கொண்டு விடியுமுன் திரும்பினர். வீட்டில் ஒளித்துவைத்த வானொலியில் கேட்ட போர்ச் செய்திகளையும் சிபில் அவர்களுக்குச் சொன்னார். 1943இல் அவர் கைதானார். சித்திரவதையில் முதுகெலும்பு பழுதுற்றும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப்பின் பிரிட்டனில் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948 சூன் 12ஆம் நாள் அங்கேயே காலமானார். மறு ஆண்டு அவருடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

அவர் வரலாற்றை வீரக் கதையாகவே பலரும் எழுதுகின்றனர். நாம் இங்குக் கவனிக்க விரும்புவது இடத்தை. மலை அரை நாள் நடைத் தொலைவில் இல்லாதிருந்தால் அம்மருந்தகம் வேறொரு மருந்தகமாகவே இருந்திருக்கும். ஆங்கிலேயர் மரத்துக்காகவும் தண்ணீருக்காகவும் விட்டுவைத்த காடு, அவர்கள் ஓடிப்போன பின் வேறொருவருக்குப் புகலிடமாயிற்று. அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆள்பிடிக்க லாரி வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஆண்கள் காட்டோரம் ஒளிந்துகொண்டதாகப் பல தோட்டங்களில் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

கம்பிவேலிக்குள் வந்த தோட்டம்

சிபில் இறந்த நான்காம் நாள், 1948 சூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் எல்பில், பின் சூன் ஆகிய தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் அவசரகாலம் விரிந்தது; 1960 வரை அது நீடித்தது. மலைக்காடு மீண்டும் கரந்துறையும் படையினரின் இடமாயிற்று. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக்கிடந்த லயங்களும் ஓரிடத்தில் கூட்டப்பட்டு, சுற்றிலும் முட்கம்பி வேலி போடப்பட்டது. புதுக்கிராமங்களைப் பற்றி விரிவான ஆய்வுகள் வந்துள்ளன. வேலிக்குள் வாழ்ந்த தமிழரைப் பற்றி வந்தவை குறைவே.

பாப்பான் சாலையை ஒட்டிய பழைய தோட்டமொன்றில் பிறந்து, பின்னர் ஈப்போவின் புந்தோங் பகுதியில் குடியேறிய மூதாட்டி ஒருவரைச் சந்தித்து அவர் கூறியதைப் பதிவு செய்தோம். அவர் சிறுமியாய் இருந்தபோது வேலி வந்தது. மலையைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"மலையா? அது எங்களுக்கு மேக்கால நிக்கிற சொவரு, தம்பி. மத்த எடத்துல பொழுது கெடக்கையில எங்க தோட்டத்துல இருட்டிரும். எங்கம்மா வெறகுக்குப் போகும். வேலி போட்டப்புறம் அதுவும் போச்சு."

தாயுடன் வெளிக்காட்டு மரம் சீவப் போகும்போது வாயிலில் சோதனை நடந்ததை அவர் விவரித்தார். பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாக வடியும். ஆகவே விடியுமுன் மரத்தடியில் இருக்க வேண்டும். ஆயினும் ஊரடங்கு முடிந்து வாயில் திறக்கும்வரை காத்துக் கிடந்தனர். சோற்றுக் கட்டு கொண்டுபோகத் தடை. காட்டிலிருப்போருக்குப் போய்விடும் என்ற ஐயம். பால்வாளியின் அடியையும் காண்டாக் கம்பையும் தட்டிப் பார்த்தனர். பசியோடு சீவி, மங்குகளில் பாலெடுத்து, நண்பகல் கடந்து திரும்பிய பின்னரே உணவு. சில இடங்களில் அரிசியாகக் கொடுத்தால் கடத்தப்படும் என்று எண்ணி, பொதுச் சமையற்கூடத்தில் சோறாக ஆக்கிக் கொடுக்கும் முறையும் வந்தது. சோறு விரைவில் கெட்டுவிடும், சேமித்துவைக்க இயலாது. இம்முறை அரசாவணங்களில் போர்த்தந்திரத்தின் வெற்றியாகப் பதிவாகியுள்ளது. மூதாட்டி நினைவில் அது, "ஊசிப்போன சோறு" என்பதாக இருக்கிறது.

வேலிக்கு வெளியே, காட்டோரத்தில் இருந்த முனீஸ்வரர் கோயிலை அவர் மறக்கவில்லை. அரிவாளோடு ஒரு கல். கூரை கூட இல்லை. வேலி வந்தபின் ஆண்டுப் பூசைக்குக் கிராணி மூலம் எழுதிக் கேட்டு, காவலர் துணையோடு போய்வந்தார்களாம். கோயிலுக்குப் பின்னால் எழுத்துப் பொறித்த எல்லைக்கல் ஒன்று இருந்தது என்றும், அதைத் தாண்டினால் 'சர்க்கார் காடு' என்றும் சொன்னார். அக்கல்லைத் தேடிப் பார்க்கும் ஆவல் நமக்கு அன்றே உண்டாயிற்று.

அவசரகாலம் முடியுமுன்பே ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியிருந்தன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி மறுவிற்பனை செய்தனர். லயங்களிலிருந்தோர் வீடும் வேலையும் இழந்தனர். இதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கிந்தாவில் எஞ்சிய தோட்டங்கள் பின்னர் செம்பனைக்கும், அதன்பின் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறின. புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுத்து விற்கும் குடும்பங்கள் வேறு வழியாக வந்தவை. ஆயினும் அவர்களுக்குப் பக்கத்துத் தெருக்களில் வாழ்வோருள் பலர் இத்தோட்டங்களின் பிள்ளைகளே.

மலைக்குத் திரும்பிய கனிமம்

ஈயம் எடுத்தபின் கிடைக்கும் கனமான கரும்பொடியை இங்கு 'அமாங்' என்பர். அதிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் அருமண் தனிமங்களும், அவற்றோடு கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. 1979இல் பதிவாகி 1982இல் உற்பத்தியைத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் நிறுவனம், மலையடிவாரத்துக்கு அண்மையிலுள்ள புக்கிட் மேராவில் அருமண்களைப் பிரித்தெடுத்தது. எஞ்சிய தோரியக் கழிவைப் பாப்பானில் குழிகளில் புதைக்கத் திட்டமிட்டபோது 1984இல் ஊரார் திரண்டு எதிர்த்தனர். 1985 சனவரியில் அரசு இடத்தை மாற்றியது. புதிய இடம் எது என்றால், பாப்பானுக்கு அப்பால் கிளேடாங் மலைத்தொடரேதான்.

புக்கிட் மேரா மக்கள் 8 பேர் 1985இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. அதே மாதத்தில்தான் அனைத்துலக ஈய மன்றம் முறிந்து ஈயத்தின் விலை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிற்சாலையை நிறுத்துமாறு 1992 சூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் அடுத்த மாதமே நிறுவனம் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. பிற்காலத்தில் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவிலான துப்புரவுப் பணி நடந்து, கழிவுகள் மலைத்தொடரில் அமைக்கப்பட்ட காப்பறைகளில் சேர்க்கப்பட்டன. தோரியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அதனைச் சுமக்கும் கருங்கல் மலையின் வயதோ சுமார் 20 கோடி ஆண்டுகள்தாம்.

இவ்வழக்கு சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. இந்திய ஆய்வியல் துறையில் இதனைக் கற்பிப்பது ஏன் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டதுண்டு. வழக்காடியோர் சீனர்கள்தாமே என்பது அவர் எண்ணம். அமாங் படிந்த நிலத்திலும் அதன் ஓரத்திலும் வாழ்ந்தோர் எல்லா இனத்தவரும் ஆவர் என்பதே நம் விடை. ஓர் இனத்தின் வரலாற்றை அதன் பெயர் வரும் ஆவணங்களில் மட்டுமே தேடினால், அம்மக்கள் குடித்த தண்ணீரும் மூச்சுவிட்ட காற்றும் வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடும்.

2020களின் தொடக்கத்தில் வடக்கே உள்ள கிளேடாங் சாயோங் காப்புக்காட்டின் ஒரு பகுதியை வெட்டிக் 'காட்டுத் தோட்டம்' ஆக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. காட்டுத் தோட்டம் என்பது ஓரின மரங்களை வரிசையாக நட்டு வளர்த்து வெட்டும் முறை. பதிவேட்டில் அது காடாகவே இருக்கும். நிரை பிடித்து மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது காடா தோட்டமா என்று விளக்கத் தேவையில்லை.

ஏற்றமும் இறக்கமும்

நாம் ஏறிய அன்று இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. மாணவியர் சிலர் அட்டைக்கு அஞ்சிப் பாதியில் நின்றனர். பின்பு தாமாகவே வந்து சேர்ந்தனர். இடைவழியில் சீன முதியவர்கள் தகரக் கூரை வேய்ந்து வைத்திருந்த இருக்கைகளில் இளைப்பாறினோம். எங்கோ ஒரு கிப்பன் குரங்கு கூவியது. உச்சிக்கு அருகே மரங்கள் விலகிய இடத்திலிருந்து கிழக்கே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது. தனித்தனியாக நிற்கும் சுண்ணக்குன்றுகள், சுரங்கம் விட்டுச்சென்ற குளங்கள், கூரை வரிசைகள், அப்பால் நடுமலைத்தொடர். அக்குன்றுகளுள் ஒன்றான குனோங் செரோவில்தான் 1889 முதல் கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. 1973 அக்டோபரில் அக்குன்றிலிருந்து பெரும்பாறை சரிந்து அடிவார வீடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அச்செய்தியைச் சொன்னபோது மாணவர் எவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஈப்போவில் வளர்ந்தோர் இருவர் இருந்தும் நிலை இதுவே.

ஒரு மாணவி தம் பாட்டி பிறந்த தோட்டம் எங்கே என்று தேடினார். திசையைக் காட்டினோம். அங்குச் செந்நிறக் கூரைகளே தெரிந்தன. படமெடுத்துக்கொண்டார்.

இறங்கியபின், மூதாட்டி சொன்ன அடையாளங்களை வைத்துப் பாப்பான் பக்கத்து அடிவாரத்தில் எல்லைக்கல்லைத் தேடினோம். முனீஸ்வரர் இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தளமும் மஞ்சள் துணி சுற்றிய சூலமும் இருக்கின்றன. கல் கிடைக்கவில்லை, புதருக்குள் மேலும் செல்லக் காட்டிலாகா அனுமதி வேண்டும். திரும்பும்போது ஒரு மாணவர் கூப்பிட்டுக் காட்டினார். காட்டு மரங்களுக்கு நடுவே, கோயிலுக்கு மேற்கே சுமார் 60 அடி தொலைவில், தடித்த பால்மரம் ஒன்று. பட்டையில் சாய்வான பழைய வெட்டுத் தழும்புகள் மூடி ஆறியிருந்தன. அருகில் அதே நேர்கோட்டில் இன்னும் இரண்டு.

அப்படியாயின் தோட்டம் மூதாட்டி சொன்ன கல்லைத் தாண்டிச் சென்றிருக்க வேண்டும்; அல்லது எல்லை பிற்காலத்தில் கீழே நகர்ந்து, தோட்டத்தின் ஒரு துண்டு காட்டிற்குத் திரும்பியிருக்க வேண்டும். அல்லது விதை வெடித்துத் தானே முளைத்த மரங்களை யாரோ சீவியிருக்கலாம். ஆனால் நேர்கோடு அதற்கு ஒத்துவரவில்லை. அவசரகாலத்திற்கு முன்னும் பின்னுமான நில அளவைப் படங்களை ஒப்பிட்டால் இது தெளியும். மரங்களின் இடத்தைக் குறித்து, தழும்புகளை அளந்து எழுதிக்கொண்டோம். மூதாட்டியிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டியவை மட்டும் ஏழு வினாக்கள் சேர்ந்துவிட்டன.